விதையும் நிலமும்: அதிரனற் சுரப்பிக் கட்டிகள் என்பிற் குடியேறுமாறு

கண்டி நகரிலிருந்து தென்கிழக்கே மலைச்சரிவைத் தழுவி ஏறிச் செல்லும் வீதியில் அம்பிட்டிய அமைந்துள்ளது. அங்கும் அதனைச் சூழ்ந்த மலைப்புறங்களிலும் வாழ்வோர் நாள்தோறும் படியேறியும் பாரஞ்சுமந்தும் பழகியவராதலின், முதுகுநோ என்பது அவர்க்குப் புதுமையான செய்தியன்று. வாயு என்றும், வாதம் என்றும், தூக்கத் தகாததைத் தூக்கியதனால் வந்த பிடிப்பு என்றும் அதற்குக் காரணங் கற்பிப்பர்; எண்ணெய் பூசி ஒத்தணமிட்டு ஓய்ந்திருப்பர். பெரும்பாலும் அவர் எண்ணுவது சரியே. முதுகுநோவுகளில் மிகப் பலவும் தசையையும் மூட்டையும் பற்றியவை. சில கிழமைகளில் தாமே தணிபவை.

எனினும் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். பத்தாண்டுகளுக்கு முன்னர் அவருடைய சிறுநீரகத்தின் மேலிருந்த சிறு கட்டியொன்று அறுவைச் சிகிச்சையால் அகற்றப்பட்டது. காயம் ஆறியது, உயர்ந்திருந்த குருதியமுக்கம் இறங்கியது, 'பூரண சுகம்' என்று எண்ணி அவர் தம் தொழிலுக்குத் திரும்பினார். இப்போது அவருக்கு முதுகில் நோவு உண்டாகின்றது. இரவிற் படுத்திருக்கும்போது அது மிகுகின்றது. அந்தப் பழைய கட்டியையும் இந்தப் புதிய நோவையும் ஒருங்கு வைத்து எண்ணுவதற்கு அவருக்கோ, அவரைப் புதிதாகக் காணும் வைத்தியருக்கோ எளிதில் தோன்றாது. ஆயினும் அவ்விரண்டிற்குமிடையே தொடர்பு இருத்தல் கூடும். அத்தொடர்பு யாது, அது எவ்வாறு உண்டாகின்றது, அதனை அறிவதால் விளையும் பயன் யாது என்பனவே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

மனிதவுடலின் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பியணிந்தாற் போல அமர்ந்திருப்பவை அதிரனற் சுரப்பிகள். ஒவ்வொன்றும் 4 அல்லது 5 கிராம் நிறையினதே. இத்தாலிய உடற்கூற்றறிஞர் எயுஸ்தாக்கி 16 ஆம் நூற்றாண்டில் இவற்றை முதன்முதல் விளங்க வருணித்தார். ஆயினும் இவை எதற்காக உள்ளன என்பதை அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எவரும் அறிந்திலர். 1855 இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன், இச்சுரப்பிகள் கெட்டழிந்தால் மனிதர் மெலிந்து, தோல் கருத்து, இறப்பர் என்பதை நூலொன்றில் விளக்கினார். உருவிற் சிறியவை உயிர்க்கு இன்றியமையாதவை என்பது அன்று புலனாயிற்று. 1890-களின் நடுவில் ஒலிவர், ஷேஃபர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் இச்சுரப்பியின் சாறு குருதியமுக்கத்தை விரைந்து உயர்த்துமெனக் கண்டனர். 1901 அளவில் யப்பானிய இரசாயன அறிஞர் தக்காமினே அச்சாற்றின் ஆற்றலுக்குக் காரணமான பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து அதற்கு அதிரனலின் எனப் பெயரிட்டார்.

அதிரனற் சுரப்பி உண்மையில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு சுரப்பிகளாகும். புறத்தேயுள்ளது மேற்பட்டை. அது உப்பையும் வெல்லத்தையும் உடலில் நெறிப்படுத்தும் ஓமோன்களைச் சுரக்கின்றது. அகத்தேயுள்ளது மையவிழையம். அச்சமோ சினமோ எழும்போது இதயத்தை விரைவுபடுத்திக் குருதியமுக்கத்தை உயர்த்தும் அதிரனலினையும் நோரதிரனலினையும் அது சுரக்கின்றது. இவ்விரு பகுதிகளும் கருவில் வெவ்வேறிடத்திற் பிறந்தவை. மையவிழையக் கலங்கள் நரம்புத் தொகுதியின் தாயிழையமாகிய நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு நெடுவழி நடந்து சுரப்பியை அடைந்தவை. அவ்வழியில் அவற்றின் உறவுக் கலங்கள் சில இடையிடையே தங்கிவிடுகின்றன. முள்ளந்தண்டின் இருமருங்கும், வயிற்றிற் பெருநாடியின் பக்கத்திலும், கழுத்திலும், சிறுநீர்ப்பையின் சுவரிலும் அத்தகைய சிறு கலக்கூட்டங்கள் உள்ளன. ஆதலின் மையவிழையத்தில் எழக்கூடிய கட்டியின் உடன்பிறப்பு, சுரப்பிக்கு வெளியே இவ்விடங்களில் எங்கும் எழக்கூடும்.

சுரப்பியினுள் எழும் கட்டிக்கு பியோகுரோமோசைற்றோமா என்றும், வெளியே எழுவதற்குப் பரகங்கிளியோமா என்றும் பெயர். முன்னைய பெயரை 1912 இல் இட்டவர் செருமானிய நோயியலறிஞர் லூட்விக் பிக். குரோமிய உப்புக் கரைசலில் இட்டவுடன் இக்கட்டி மங்கிய கபிலநிறம் பெறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆனது அது. நோயை உலகுக்குக் காட்டித் தந்த அப்பேரறிஞர், யூதராகப் பிறந்த காரணத்தால் நாற்சிகளின் தெரேசின்ஸ்ராற் முகாமில் அடைக்கப்பட்டு 1944 இல் அங்கேயே மாண்டார்.

இப்பெயர் பிறப்பதற்கு முன்னரே, 1886 இல், செருமனியின் பிறைபூர்க் நகரில் பீலிக்ஸ் பிராங்கெல் என்னும் வைத்தியர் ஒரு நோயாளரைப் பற்றி எழுதினார். நெஞ்சுப் படபடப்பும் தலைவலியும் அடிக்கடி வந்து வருந்திய 18 வயதுப் பெண்ணொருத்தி சடுதியாக இறந்தாள்; அவளுடைய இரு அதிரனற் சுரப்பிகளிலும் கட்டிகள் காணப்பட்டன. 121 ஆண்டுகள் கழிந்த பின், 2007 இல், அவளுடைய குடும்பத்தின் வழித்தோன்றல்களை ஆராய்ந்த அறிஞர் அவர்களிடம் பரம்பரையலகுக் குறையொன்றைக் கண்டு, அப்பெண்ணின் நோய்க்கும் அதுவே காரணமென நிறுவினர். ஒரு குடும்பத்தின் நோய் தலைமுறைகள் பலவற்றைக் கடந்தும் தன் தடத்தை விட்டுச் செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1926 இல் சுவிற்சலாந்தில் சேசர் றூவும் அமெரிக்காவில் சார்ல்ஸ் மேயோவும் தனித்தனியே இத்தகைய கட்டிகளை வெற்றியுடன் அகற்றினர். அதன் பின்னரே இந்நோய் தீர்க்கத்தக்கதாயிற்று.

இக்கட்டிகள் மிக அரியவை. பத்து இலட்சம் மக்களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 8 பேருக்கே இவை உண்டாகின்றன. விட்டுவிட்டு வரும் தலைவலி, பெருவியர்வை, நெஞ்சுப் படபடப்பு ஆகிய மூன்றும் உயர் குருதியமுக்கத்துடன் சேர்ந்து வருதல் இவற்றின் சிறப்புக் குறிகளாகும். ஆயினும் எல்லா நோயாளரிடத்தும் இவை ஒருங்கே தோன்றுவதில்லை. சிலரிடம் கட்டி யாதொரு குறியுமின்றி மறைந்திருந்து, வேறொரு காரணத்துக்காக எடுத்த படத்திற் தற்செயலாக வெளிப்படுவதும் உண்டு.

இனி இந்நோயின் தனிச்சிறப்பான இடர்ப்பாட்டைக் காண்போம். பெரும்பாலான கட்டிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்க்கும் நோயியலறிஞர், இது தீங்கற்றது, இது புற்று எனத் துணிந்து கூறுவர். அதிரனல் மையவிழையக் கட்டியைப் பொறுத்தவரை அத்துணிவு வாய்ப்பதில்லை. கொடிய தோற்றமுடைய கட்டியொன்று அகற்றியபின் மீண்டும் வாராதொழிதலும், சாதுவான தோற்றமுடையதொன்று ஆண்டுகள் பல கழிந்து வேறிடங்களில் முளைத்தலும் உண்டு. ஆதலின் இக்கட்டி பரவியதென்பதற்கு ஐயமற்ற சான்று ஒன்றே: இயல்பாக இத்தகைய கலங்கள் இருத்தற்கில்லாத இடத்தில் அவை காணப்படுதல். என்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இக்கலங்களுக்கு இயற்கையான இருப்பிடமில்லை. அங்கே அவை காணப்படின், முதற் கட்டியிலிருந்து புறப்பட்டுச் சென்றவை என்பது துணிபு. 2017 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தல் இவ்வுண்மையை ஏற்று, தீங்கற்றது, தீங்குள்ளது என்னும் பழைய பிரிவினையைக் கைவிட்டது. இவ்வினக் கட்டிகள் அனைத்துக்கும் பரவும் இயல்பு ஓரளவேனும் உண்டு என்பதே இன்றைய கொள்கை. அதிரனற் சுரப்பியினுள் எழுவனவற்றிற் பத்திலொரு பங்களவு பரவுகின்றன. சுரப்பிக்கு வெளியே வயிற்றிலும் மார்பிலும் எழுவனவற்றில் அது மூன்றிலொரு பங்கையும் எட்டக்கூடும்.

அவ்வாறு பரவும்போது அவை மிகுதியும் நாடுமிடங்களுள் முதன்மையானது என்பு. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் இத்தகைய 128 நோயாளரின் வரலாறுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட கட்டுரையில், அவருள் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேருக்கு என்பிற் பரவியிருந்தமை காட்டப்பட்டது. என்பு ஏன் இவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடியவருள் முன்னோடி, இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்ரீபன் பாஜெற். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து 1889 இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். குருதி எல்லா உறுப்புகளுக்கும் செல்கின்றது. எனினும் புற்று எல்லா உறுப்புகளிலும் ஒருபடியாக முளைப்பதில்லை. செடியின் விதைகள் எத்திசையிலும் சிதறினும், தமக்கேற்ற நிலத்திலேயே அவை முளைக்கும். புற்றுக்கலம் விதை, உறுப்பு நிலம். நெல் விதைத்தவனும் தேயிலை நட்டவனும் நன்கறிந்த உண்மையே இது. நூற்றாண்டுக்கு மேலாகியும் பாஜெற்றின் விதை நிலக் கொள்கை புற்றுநோயியலில் நிலைபெற்று நிற்கின்றது.

அதற்கு எதிராக அமெரிக்க நோயியலறிஞர் ஜேம்ஸ் யூவிங், 1920-களில், விதை எங்கு செல்கின்றதென்பதை நீரோட்டமே தீர்மானிக்கும் என வாதிட்டார். அஃதாவது குருதிக் குழாய்களின் அமைப்பே பரவலின் திசையை வகுக்கும் என்றார். 1940 இல் ஒஸ்கார் பற்சன் என்னும் உடற்கூற்றறிஞர் இவ்வாதத்துக்கு வலுவூட்டும் கண்டுபிடிப்பொன்றைச் செய்தார். முள்ளந்தண்டைச் சூழ்ந்து பின்னிக்கிடக்கும் நாளங்களில் வால்வுகள் இல்லை. ஒருவர் இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றினுள் அமுக்கம் உயர, குருதி அந்நாளங்களில் எத்திசையிலும் பாயக்கூடும். அக்குருதியுடன் செல்லும் புற்றுக்கலங்கள் இதயத்தையோ நுரையீரலையோ அடையாமலே முள்ளென்புகளை நேரே அடைந்துவிடலாம். அதிரனற் சுரப்பி முள்ளந்தண்டின் அருகே கிடப்பதென்பதை எண்ணும்போது இக்கண்டுபிடிப்பின் பொருத்தம் விளங்கும்.

இரு கொள்கைகளும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. வாய்க்கால் விதையைக் கொண்டு சேர்க்கின்றது. நிலம் அதனை ஏற்கின்றது. என்பு உயிரற்ற கல்லைப் போலத் தோன்றினும் வாழ்நாள் முழுவதும் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்ற வீடாகும். என்புடைக்கும் கலங்கள் பழைய என்பைக் கரைக்கின்றன. என்பாக்கும் கலங்கள் அவ்விடத்திற் புதிய என்பை இடுகின்றன. கரையும் என்பினின்றும் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் பல வெளிப்படுகின்றன. அங்கு வந்து தங்கிய புற்றுக்கலம் அவற்றையுண்டு பெருகுகின்றது. பெருகியபின் என்புடைக்கும் கலங்களை மேலும் ஏவுகின்றது. மேலும் கரைந்த என்பு மேலும் உணவளிக்கின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் தீய சுழற்சி உண்டாகின்றது. செவ்வென்பு மச்சையில் குருதிக்குழாய்கள் அகன்றும் குருதியோட்டம் மெதுவாகியும் இருப்பதால் புற்றுக்கலங்கள் தங்குவதற்கு அது ஏற்ற இடமாகின்றது. வளர்ந்தவரிடம் செம்மச்சை மிகுந்துள்ள முள்ளென்புகள், இடுப்பென்பு, விலா என்புகள், மண்டையோடு, தொடையென்பின் மேற்பகுதி ஆகியனவே இக்கட்டிகள் பெரும்பாலும் பரவும் இடங்களாதல் இதனாலேயாம்.

இக்குலத்தைச் சேர்ந்த வேறு கட்டிகளையும் ஈண்டு நோக்குதல் தகும். நரம்பு முகட்டுக் கலங்கள் முதிர்ச்சியடையாத நிலையிற் கட்டியாகுமிடத்து அது நியூரோபிளாஸ்ரோமா எனப்படும். இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்குவது. பாதிக்குமேல் அடிவயிற்றில், சிறப்பாக அதிரனற் சுரப்பியில், எழுவது. 1901 இல் வில்லியம் பெப்பர் ஈரலிற் பரவிய கைக்குழந்தைகளைப் பற்றியும், 1907 இல் றொபேட் ஹச்சிசன் மண்டையோட்டிலும் கண்குழியிலும் பரவிய குழந்தைகளைப் பற்றியும் எழுதினர். அவை யாவும் ஒரே நோயின் வேறுபட்ட கோலங்கள் என்பதை 1910 இல் ஜேம்ஸ் ஹோமர் றைற் விளக்கினார். அடிபடாத குழந்தையின் கண்களைச் சுற்றிக் கருநீலநிறம் தோன்றுதலும், நடந்து பழகிய குழந்தை நொண்டுதலும் நடக்க மறுத்தலும் என்பிற் பரவிய நியூரோபிளாஸ்ரோமாவின் குறிகளாக இருத்தல் கூடும். அடிபட்டதாக எண்ணியோ, கண்ணூறு என்று கருதியோ காலங்கடத்துதல் தகாது. மேற்பட்டையில் எழும் புற்று இவற்றினின்றும் வேறு பிறப்பினது. அது பெரும்பாலும் நுரையீரலையும் ஈரலையும் நாடுகின்றது. என்பை நாடுதல் அவற்றினும் குறைவு. ஒரே சுரப்பியில் அடுத்தடுத்து வாழும் இரு கல இனங்கள் வெவ்வேறு நிலங்களைத் தேடிச் செல்லுதல் பாஜெற்றின் கொள்கைக்கு இன்னுமொரு சான்றெனலாம்.

கட்டி பரவுமா என்பதை முன்னறிய உதவும் குறிகளுள் பரம்பரையலகு தலைசிறந்தது. இந்நோயாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் பெற்றோர்வழி வந்த பரம்பரையலகுக் குறை காணப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டில் அறிஞர் வியக்கத்தக்கதோர் உண்மையைக் கண்டனர். கலத்தின் ஆற்றல் நிலையமாகிய இழைமணியில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் தொழிலிற் பங்குகொள்ளும் சக்சினேற்று ஐதரசனகற்றி என்னும் நொதியத்தின் ஒரு கூறு பழுதுறின், கழுத்துப் பரகங்கிளியோமா உண்டாகின்றது. அடுத்த ஆண்டில் அதே நொதியத்தின் வேறொரு கூறாகிய எஸ்.டி.எச்.பி. என்பதன் குறை கண்டறியப்பட்டது. இக்குறையுடையோரிடம் எழும் கட்டியே பரவுதற்கு மிகுதியும் ஏதுவுடையது. நொதியம் பழுதுற்ற கலம், ஒட்சிசன் நிறைந்திருந்தும் தான் மூச்சுத்திணறுவதாக மயங்கி, புதிய குருதிக் குழாய்களை வளர்க்கவும் தன்னைப் பெருக்கவும் முனைகின்றது.

இம்மயக்கம் வெறும் உவமையன்று. கழுத்திலுள்ள கரோட்டிட் உடலம் குருதியின் ஒட்சிசனை அளக்கும் உறுப்பு. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில், ஒட்சிசன் அருகிய பேருயரங்களில் பிறந்து வாழ்வோரிடம் அவ்வுடலத்திற் கட்டி தோன்றுதல் கடற்கரையோரைக் காட்டிலும் மிகுதியென 1970-களில் பெரு நாட்டு ஆய்வுகள் காட்டின. மலையில் வாழும் இலங்கையர் இதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. கண்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலேயே உள்ளது. நாட்டின் மிகவுயர்ந்த பீதுருதலாகல மலையும் 2,524 மீற்றரே. அந்தீஸ் மக்களிடம் கண்ட விளைவு பேருயரங்களிலுள்ள ஊர்களுக்குரியது. உயரத்தினால் அன்றி, பரம்பரையினாலேயே இங்குள்ளோர் இதனைப் பற்றி எண்ணவேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் வந்ததெனில் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் வைத்திய ஆலோசனை பெறுதல் அறிவுடைமை.

என்பிற் குடியேறிய கட்டி விளைக்கும் துன்பம் முக்கியமாக நான்கு வகைப்படும். முதலாவது நோவு, அது ஓய்விலும் தணியாது, இரவில் மிகும். இரண்டாவது, சிறு விசையிலும் என்பு முறிதல். மூன்றாவது, குருதியிற் கல்சியம் மிகுதல். இது இக்கட்டிகளில் எப்போதாவது நிகழ்வது. நான்காவதே மிகக் கொடியது: முள்ளென்பு சரிந்தோ, கட்டி உள்ளே வளர்ந்தோ முண்ணாணை நெரித்தல். கால்கள் மரத்தலும் தளர்தலும், சிறுநீர் கழிக்க முடியாமையும் அதன் குறிகள். இவை தோன்றின் விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. அன்றே வைத்தியசாலை சேர்தல் வேண்டும். நடக்கும் வலிமை இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் நடப்பர். கால்கள் முற்றும் செயலிழந்தபின் வந்தவர் மீண்டும் நடப்பது அரிது. சில மணி நேரம் ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானிக்கும் என்பது மிகையன்று.

நோயைத் துணிவதில் ஏனைய புற்றுகளுக்கில்லாத ஓரிடர் இதற்குண்டு. என்பில் ஐயுறத்தக்க இடமொன்று காணப்பட்டால் ஊசியால் துளைத்து இழையத்தை எடுத்துச் சோதித்தல் வழக்கம். இக்கட்டியை அவ்வாறு துளைப்பின் அதில் நிறைந்துள்ள ஓமோன் சடுதியாகக் குருதியிற் கலந்து, உயிருக்கே இறுதியாகும் அளவுக்குக் குருதியமுக்கம் உயரக்கூடும். முன்னர் அதிரனற் கட்டி அகற்றப்பட்டதென்பதை வைத்தியர் அறிந்திருந்தால், ஊசியை எடுப்பதற்கு முன் குருதியிலோ 24 மணிநேரச் சிறுநீரிலோ மெற்றநெப்பிறின் என்னும் பொருளின் அளவைச் சோதிப்பார். அதிரனலினும் நோரதிரனலினும் சிதைந்து உண்டாகும் அப்பொருள் மிகுந்திருப்பின் கட்டி மீண்டமை பெரும்பாலும் புலப்படும். வாந்திக்கு வழங்கும் மெற்றோகுளோபிறமைட்டு, முண்ணாண் நெரிபடும்போது வீக்கந் தணிக்க வழங்கும் ஸ்ரெறொயிட்டு முதலிய பொதுவான மருந்துகளும் இந்நோயாளரிடம் அத்தகைய கொந்தளிப்பை எழுப்பியதுண்டு. ஆதலின் அவற்றையும் அறிந்து, ஆயத்தத்துடன் வழங்குதல் வேண்டும். ஒரு வரியில் எழுதத்தக்க பழைய செய்தி ஓருயிரைக் காக்கும் இடம் இதுவேயாம்.

படமெடுக்கும் முறைகளுக்கும் எல்லையுண்டு. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் முள்ளென்பின் சிதைவு தெரிவதற்கு, அதன் கனிப்பொருளில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை அழிந்திருத்தல் வேண்டும். படம் நன்றாயிருக்கின்றது என்பதனால் என்பு நன்றாயிருக்கின்றது என்று கொள்ளலாகாது. ரெக்னீசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகத்தைச் செலுத்தி எடுக்கும் என்புப் படம் அதனினும் முந்தியே மாற்றத்தைக் காட்டும். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு இயங்குவதால் கண்டிப் பகுதி மக்களுக்கு இத்துறை எட்டாததன்று. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் எம்.ஐ.பி.ஜி. என்னும் பொருள் ஆக்கப்பட்டது. அது நோரதிரனலினை ஒத்த உருவினதாகையால் இக்கட்டிக் கலங்கள் அதனைத் தம் உணவென மயங்கி உள்வாங்குகின்றன. கதிர்வீசும் அயடீனை அதனோடு பிணைத்தால் கட்டி எங்கு மறைந்திருப்பினும் ஒளிரும். அயடீனின் அளவை மிகுத்தால் காட்டிய கதிரே கட்டியை அழிக்கும் மருந்துமாகும். காலியம் 68 கொண்டு எடுக்கப்படும் பொசித்திரன் படம் இன்று இன்னும் நுண்ணிய இடங்களையும், சிறப்பாக எஸ்.டி.எச்.பி. குறையுடையோரிடம், வெளிப்படுத்துகின்றது.

சிகிச்சையின் முதற்படி குருதிக் குழாய்களை ஓமோனின் தாக்குதலினின்றும் காத்தல். ஃபீனொக்சிபென்சமீன், பிறசோசின், டொக்சசோசின் முதலிய அல்பாத் தடை மருந்துகளை முதலிற் கொடுத்த பின்னரே, இதயத்துடிப்பு விரையுமிடத்து பீற்றாத் தடை மருந்தைக் கொடுத்தல் முறை. இவ்வொழுங்கை மாற்றினால் அமுக்கம் இறங்குவதற்குப் பதில் ஏறும். என்பிற் செய்யும் அறுவைக்கும் இவ்வாயத்தம் இன்றியமையாதது. நோவுள்ள இடத்தில் கதிர்ச் சிகிச்சை பலருக்கு ஆறுதலளிக்கும். முறிந்த அல்லது முறியும் நிலையிலுள்ள என்பைத் தண்டிட்டு நிறுத்தலாம். சரிந்த முள்ளென்பினுட் சீமந்து செலுத்தலாம். சொலிதுறோனிக் அமிலமும் டெனோசுமாப்பும் என்புடைக்கும் கலங்களை அடக்கி முன்னர்க் கூறிய தீய சுழற்சியைத் தளர்த்துகின்றன. அவற்றைத் தொடங்குமுன் பற்களைச் சீர்செய்து கொள்ளவேண்டும், ஏனெனில் தாடையென்பு கெடுதல் அவற்றின் அரியதொரு தீவிளைவு. பரவிய நோய்க்கு இரசாயன மருந்துக் கலவைகளும் உண்டு. அறுவையால் அகற்றவியலாத அல்லது பரவிய இக்கட்டிகளுக்கு, ஒட்சிசன் மயக்கத்தின் வேரையே தாக்கும் பெல்சூற்றிபன் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2025 மே மாதத்தில் அனுமதி வழங்கியது. இழைமணியின் நொதியத்தைப் பற்றி 2000 இல் அறிந்த உண்மை கால் நூற்றாண்டில் ஒரு மாத்திரையாகக் கைக்கு வந்தமை, அடிப்படை ஆராய்ச்சியின் பயனை ஐயுறுவோர்க்குத் தக்க விடையாகும்.

இவை யாவும் பரவிய நோயை முற்றிலும் ஒழித்துவிடுமெனக் கூறுவதற்கில்லை. ஆயினும் இக்கட்டிகளுட் பல மெல்ல வளர்பவை. முற்குறித்த ஹூஸ்ரன் ஆய்விலும், என்பில் மட்டும் பரவியோர் ஏனைய உறுப்புகளிற் பரவியோரைக் காட்டிலும் நீண்டகாலம் வாழ்ந்தமை காணப்பட்டது. அவர்க்கு வேண்டியது நிமிர்ந்து நடக்கும் முள்ளந்தண்டும் நோவற்ற இரவும். அவற்றைக் காத்தல் வைத்தியத்தால் இயலும். காலத்தில் அறிந்தால் மட்டுமே இயலும்.

கட்டி அகற்றப்பட்டுப் பத்தாண்டுகளும் இருபதாண்டுகளும் கழிந்த பின்னரும் பரவல் வெளிப்பட்டதுண்டு. அதனாலேயே, அறுவை முடிந்தவரை ஆண்டுதோறும் மெற்றநெப்பிறின் சோதனை செய்து வாழ்நாள் முழுவதும் கண்காணித்தல் நன்றென 2014 இல் உட்சுரப்பியலாளர் சங்கத்தின் வழிகாட்டி அறிவுறுத்தியது. 'பூரண சுகம்' என்னும் சொல் இந்நோயில் முற்றுப்புள்ளியன்று, காற்புள்ளியே.

இங்கு ஒரு சிறு பொருளின் பெருமையைக் கூறி முடித்தல் பொருந்தும். மலைநாட்டு வீடுகளில் றங்குப் பெட்டியின் அடியில், பிறப்புச் சாட்சிப் பத்திரத்துடனும் காணி உறுதியுடனும் வைத்தியசாலைத் துண்டுகள் சில மடித்து வைக்கப்பட்டிருக்கும். காலஞ்செல்ல, சுகமாயிற்றே என எண்ணி அவற்றை எறிந்துவிடுவாரும் உளர். அதிரனற் கட்டி அகற்றப்பட்டவரின் வீட்டில் அத்துண்டு காணி உறுதியினும் மதிப்புடையது. வேறூருக்குக் குடிபெயர்ந்தாலும், வேறொரு வைத்தியரை நாடினாலும் அதனைக் கையிற் கொண்டு செல்லவேண்டும். அக்கடதாசியின் மொழி வீட்டிலுள்ள முதியவர்க்கு விளங்காதிருக்கலாம். அதனை வாசித்து, 'உங்கள் முதுகுநோவைச் சொல்லும்போது இதனையும் காட்டுங்கள்' என்று சொல்லத்தக்கவர் அவ்வீட்டிற் படிக்கும் மாணவரே. அம்பிட்டியவிலிருந்து கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் வழி நெடியதன்று. பழைய கட்டிக்கும் புதிய நோவுக்குமிடையேயுள்ள வழியே நெடியது; அதனைக் குறுக்கிக் காட்டுவது அந்தத் துண்டுக் கடதாசியும் அதனை வாசிக்க வல்ல கல்வியுமாம்.